என்னிடம் பாஸ்வேர்டு, அவனிடம் சிம்

எங்கள் ஆபீசில் வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் கட்டாயம் உட்கார்ந்தே ஆக வேண்டிய வகுப்பு ஒன்று உண்டு. தகவல் பாதுகாப்பு வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நான் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்பேன். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறதே என்று பின்வரிசை என்னைச் சபிக்கும். அப்படி ஒரு வகுப்பில்தான் அந்த வரி என் காதில் விழுந்தது. ஒரு கணக்கைக் காக்க இரண்டு வேண்டும்: உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்களிடம் இருக்கும் ஒன்று.

தெரிந்தது பாஸ்வேர்டு. இருப்பது ஃபோன்; அதில் வந்து விழும் ஆறு இலக்க ஓ.டி.பி. ஒன்றைத் திருடியவனுக்கு இன்னொன்று கிடைக்காது. அவ்வளவுதான் விஷயம். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று சாயங்காலமே அந்த வரியைக் கொஞ்சம் திருத்தி என் நண்பனிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு, உன்கிட்ட இருக்கிற ஒண்ணு. எப்படி?"

"இன்னா மச்சான் சொல்ற? ஒண்ணும் பிரியல."

அவனும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பொத்தேரியில் இறங்கிப் படித்தவர்கள். நான் சேலையூர், கேம்ப் ரோட்டில் காலனிப் பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் சம்பளக்காரர்கள். அவன் முடிச்சூர். அவர்கள் நிலம் மனையாகி, மனை அவனுக்குக் காலேஜ் சீட்டானது. அவன் மெக்கானிக்கல், நான் கம்ப்யூட்டர். படிப்பு முடிந்ததும் நான் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அவன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் ஒன்றின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தான். வண்டிச் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்கிற மெக்கானிக்குகள் பலரை எனக்குத் தெரியும். சத்தமே போடாத வண்டியின் பழுதைச் சொல்கிற ஆள் அவன் ஒருவன்தான். வண்டிக்குள் இருக்கிற சாஃப்ட்வேர் தகராறு பண்ணினால் எனக்கு ஃபோன் போடுவான். அப்படிப் பேசிப் பேசியே ஒரு கடை எங்கள் தலைக்குள் முளைத்தது. முடிச்சூர் மெயின் ரோட்டில், எல்லாக் கம்பெனி எலக்ட்ரிக் வண்டிக்கும் பொதுவான ரிப்பேர் கடை. அவன் கை, என் மண்டை. அதற்கு வேண்டியது கடை அட்வான்ஸ்.

அதற்காக ஒரே இடத்தில் சேமிக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் பேங்குக்குப் போய் நிற்க வேண்டும். ஆன்லைன் சேமிப்புக் கணக்கு பத்து நிமிட வேலை. ஆனால் ஒருவர் பெயரில்தான் திறக்க முடியும். அவனுடைய ஆதாரும் பான் கார்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதனால் என் பெயரில் திறப்பது என்று ஆனது. அவனுக்குப் பயம் வரக் கூடாது என்பதற்காகத்தான் நான் அந்தத் திட்டத்தையே போட்டேன். இன்றைக்கும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் குடையை விரித்து சிம் விற்பவரிடம் என் பெயரில் புது நம்பர் ஒன்று வாங்கினேன். கணக்குக்கு அந்த நம்பரைத்தான் கொடுப்பது. சிம்மை அவன் ஃபோனில் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டோம். பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும். ஓ.டி.பி. அவனுக்கு மட்டும் வரும். அவன் இல்லாமல் நான் பணத்தைத் தொட முடியாது, நான் இல்லாமல் அவன் தொட முடியாது. பின்னால் கடைக்கும் இதே நம்பர்தான் என்று அப்போதே பேசிக்கொண்டோம்.

"சூப்பர் மச்சான், படிச்சவன் படிச்சவன்தாண்டா," என்றான்.

"நீயும் படிச்சவன்தானேடா!"

"நான் பாஸ் பண்ணவன். நீ படிச்சவன்."

கணக்குத் திறக்கும்போது பேங்க்காரர் வீடியோவில் வந்து நம் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். பான் கார்டைக் காட்டு, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடு என்றெல்லாம் சொன்ன பேங்க் பெண் திடீரென்று நிறுத்தினார்: "சார், பின்னாடி யாரோ நிக்கறாங்க. தனியா இருக்கணும் சார்."

அவன் ஓ.டி.பி. வரப்போகிறதே என்று ஃபோனும் கையுமாக என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"ஃப்ரெண்டு மேடம்."

"யாரா இருந்தாலும் வெளிய போகச் சொல்லுங்க சார்."

அவன் குனிந்து, துணி காய்கிற கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, ஓ.டி.பி. வந்ததும் ஈர வேட்டிக்கு மேலே கையைத் தூக்கி விரல்களால் ஒவ்வொரு எண்ணாகக் காட்டினான். சிரிப்பை அடக்கி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கண்ணுல ஏதாவது பிராப்ளமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் டீக்கடையில் சந்திப்போம். பணம் போடுவதற்குச் சந்திக்க வேண்டியதில்லை. அவரவர் இருந்த இடத்திலிருந்து அனுப்பிவிடலாம். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இரண்டு பேரும் வேண்டும். அதற்கு நாங்கள் தரிசனம் என்று பெயர் வைத்திருந்தோம். நான் லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டை அடிக்கும்போது அவன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வான். நான் சொல்லாமலே திருப்பிக்கொள்வான். அப்புறம் அவன் ஃபோன் கூவும். ஏலம் விடுகிறவன் மாதிரி ஒவ்வொரு எண்ணாகக் கத்துவான். "நாலு! ஏழு! மறுக்கா ஏழு!" டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து, "இன்னாங்கடா, லாட்டரியா?" என்பார். கதவு திறக்கும். இரண்டு தலையும் ஒன்றாகக் குனியும்.

பாஸ்வேர்டை நான் மாதா மாதம் மாற்றுவேன். வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிறு மாற்றியது எனக்கே மறந்துபோனது. மூன்று தடவை தப்பாக அடித்து, வேறு வழியில்லாமல் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினேன். அது மூன்று கேட்டது: கஸ்டமர் எண், பிறந்த தேதி, ஓ.டி.பி. அவன் ஓ.டி.பி.யைக் கூவினான். புதுப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனோம். டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கஸ்டமர் எண் பேங்க் அனுப்புகிற குறுஞ்செய்திகளில் இருக்கிறது. அவை அவன் ஃபோனில் இருக்கின்றன. என் பிறந்த தேதி அவனுக்குத் தெரியாதா? வருடா வருடம் கேக்கை என் மூஞ்சியில் அப்பியவனே அவன்தான். நான் போட்ட இரண்டு பூட்டில் ஒரு பூட்டின் சாவி, இன்னொரு பூட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. அவன் கவனித்திருக்கிறான்.

கடையும் கிடைத்தது. முடிச்சூர் ஆட்கள் எல்லோரையும் போல அவனும் கடையைப் பார்த்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தான், வெள்ளத் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று. ரோட்டிலிருந்து மூன்று படி ஏறிப் போக வேண்டிய கடை அது. அவனுக்கு அந்தப் படிதான் பிடித்தது. "படியேறி வண்டிய எப்படிடா உள்ள கொண்டுபோவ? படியை மூடி சரிவா ராம்ப் போடணும்," என்றேன். "அதுக்குத்தான் நீ கீற," என்றான். கடைச் சொந்தக்காரர் மாத முடிவுக்குள் அட்வான்ஸ் கேட்டார். கணக்கில் கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. நான் மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நோட்டீஸ் காலம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கடை ஒன்றை நம்பித்தான் சம்பளத்தை விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அவன் நின்றிருந்தான். இரண்டு பேரும் டீ குடித்தோம். ஷட்டருக்கு நீலம் அடிக்கலாமா பச்சை அடிக்கலாமா என்று பேசினோம். நான் பச்சை என்றேன். அவன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாடா ஒரு மாதிரி கீற?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன். "ஒண்ணுமில்ல மச்சான், தலவலி," என்றான். டீக்கு அவனே காசு கொடுத்தான். வழக்கமாக என்னைத்தான் கொடுக்க வைப்பான்.

அந்த ஞாயிறு முதல் ஞாயிறு. காய்ச்சல், வர முடியாது என்று செய்தி போட்டான். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓ.டி.பி. கேட்கிற இடம் வரைக்கும் போய்விட்டு, அப்புறம் அவனுக்கு ஃபோன் போட்டு எண்ணை மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. நிதானமாக, ஒற்றை விரலால் அடித்தேன். தவறு. புதிதாகப் போடலாமென்றால் அதற்கும் ஓ.டி.பி. வேண்டும். அவனுக்கு ஃபோன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாவம், காய்ச்சல்காரன், தூங்குகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பேங்க் கிளைக்குப் போனேன். அதிகாரி நடுவயதுப் பெண்மணி. என் ஆதாரைப் பார்த்துவிட்டுக் கணினியில் தட்டினார்.

"பாஸ்வேர்டு புதன்கிழமை மாத்தியிருக்கீங்க சார். அன்னிக்கே ஒரு புது அக்கவுண்ட்டைப் பணம் வாங்கறவங்க லிஸ்ட்ல சேர்த்திருக்கீங்க. புதுசா சேர்த்தா பெரிய தொகை உடனே போகாது, வெயிட் பண்ணணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்பியிருக்கீங்க."

"நான் இல்ல மேடம்."

"உங்க நம்பருக்குத்தானே ஓ.டி.பி. போயிருக்கு? இந்த நம்பர் உங்களுதுதானே?"

"நம்பர் என்னுது. ஃபோன் என் ஃப்ரெண்டுது."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "என்ன வேலை சார் பண்றீங்க?"

"சாஃப்ட்வேர்."

அவர் கண்ணாடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். திரையை என் பக்கம் திருப்பினார். போயிருந்தது சரியாகப் பாதி. அவன் போட்ட பணமும் அதற்கு உண்டான வட்டியும். என் பாதி அப்படியே இருந்தது. வாங்கியவர் பெயர் அவன் அக்கா புருஷனுடையது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் ஆபீசில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மின்னஞ்சல் வந்தாலும் சாயங்காலம்தான் பார்ப்பேன்; அதையும் பேங்க் விளம்பரம் என்று தள்ளிவிடுவேன். என் நேரங்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் என்னைக் கொன்றது அது இல்லை. புதன்கிழமை எல்லாம் முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தான். நடுவில் வருவது வியாழக்கிழமை. நீலமா பச்சையா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"புகார் கொடுக்கணும்னா இந்தப் படிவம்," என்று நீட்டினார் அதிகாரி. இழந்த தொகை என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே இன்னொரு தாளைக் கொடுத்தார். "அது வேணாம்னா விடுங்க. முதல்ல நம்பரை மாத்துங்க. இதை ஃபில் பண்ணிக் குடுத்தா ரெண்டு மூணு நாள்ல உங்க கையில இருக்கிற நம்பருக்கு மாத்திடுவோம். இல்லன்னா சிம் கம்பெனியில டூப்ளிகேட் சிம் வாங்கிக்கோங்க. உங்க பேர்லதானே இருக்கு, அவர் கையில இருக்கிறது தானா செத்துடும்."

அங்கிருந்து நேராக முடிச்சூர் போனேன். காய்ச்சல்காரன் கடை வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கொத்தனார் படிகளை மூடி ராம்ப்புக்கு சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். அவன் மாமா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மேலே போர்டு ஏறியிருந்தது. நாங்கள் யோசித்து வைத்த பெயர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் என் பெயரில் வாங்கிய அந்த நம்பர்.

என்னைப் பார்த்ததும் அவன் ரோட்டுக்கு இறங்கி வந்தான்.

"மச்சான், உன் காசு ஒத்த ரூவா தொட்ருந்தா என்னைச் செருப்பால அடி."

"காசைப் பத்தி யாருடா கேட்டா? ஏண்டா?"

"மாமா மீதி காசைப் போட்டாரு. உடனே போடுறேன்னாரு. மாசக் கடைசி வரைக்கும் கட உனுக்காக நிக்குமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? லேப்டாப்பத் தொறந்து படம் வரைஞ்சி கிளாஸ் எடுப்ப. கடைசில நான் தலைய ஆட்டுவேன்." அவன் குரல் எழும்பியது. "ஒரு வருசமா நீ பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் ரோட்டப் பாத்துகினு குந்திகினு கீறேன். உள்ள கீறது என் காசும்தானே? ஒரு நாள், ஒரே ஒரு நாள், பார்ரானு சொல்லிருக்கியா நீ?"

"நான் திரும்பச் சொல்லலையேடா! நீயாத்தானே திரும்பின!"

"திரும்பாதன்னும் சொல்லலியே."

கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"வியாழக்கெழமை டீ குடிச்சியே. அப்ப ஏன் சொல்லல?"

அவன் காலால் ஜல்லியைத் தள்ளினான். "வாயில வரல மச்சான்," என்றான்.

உள்ளேயிருந்து மாமா ஃபோனைப் பொத்திக்கொண்டு குரல் கொடுத்தார்: "தம்பிய உள்ள கூப்புடேன்டா. கம்ப்யூட்டர் வேலைக்கு நமக்கும் ஆள் வோணும்ல? மாசம் ஏதாவது போட்டுக் குடுத்துடலாம்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாம் மாமா என்றும் சொல்லவில்லை. என் கடையில் எனக்குச் சம்பளம். நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே ஓடி வருவான் என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் மெதுவாகவே நடந்தேன்.

ஆபீசில் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். என் இடத்துக்கு ஆளெடுக்க ஆரம்பித்துவிட்டதாகப் பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான். அடுத்த வாரம் கடை திறந்தார்கள். எங்கள் கேம்ப் ரோடு வரைக்கும் அந்த நம்பரோடு விளம்பர நோட்டீஸ் வந்தது. பேப்பருக்குள் செருகியிருந்ததை அப்பா எடுத்து என்னிடம் நீட்டினார்.

பேங்க் அதிகாரி கொடுத்த படிவம் என் பையில்தான் இருந்தது. அதை நிரப்பிக் கொடுத்திருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. என் பணம் என் நம்பருக்கு மாறியிருக்கும், அவன் நம்பர் அவன் போர்டில் இருந்திருக்கும். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். நிரப்பவில்லை. சனிக்கிழமை தாம்பரத்தில் சிம் கம்பெனிக் கடைக்குப் போய் ஆதாரை நீட்டினேன். சிம் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கைரேகை வைத்தேன். குறுஞ்செய்தி வர ஒரு நாள் ஆகும், கால் உடனே வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

உடனே வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் கால். ராங் நம்பர் என்று வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. ராங் நம்பர், ராங் நம்பர். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் குரல் எனக்கே நன்றாகப் பழகிக்கொண்டு வந்தது. நடுவே அவன் தன் பழைய நம்பரிலிருந்து ஏழெட்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. "மச்சான் சிம் வேலை செய்யல, நீயா?" என்று ஒரு செய்தி. பதில் போடவில்லை.

சாயங்காலம் ஒரு பெண் குரல். பின்னால் லாரி இரைச்சலும் குழந்தை அழுகையும்.

"அண்ணா, நோட்டீஸ்ல நம்பர் பாத்தேன். வண்டி நடுரோட்ல நின்னுடுச்சு. சார்ஜ் ஃபுல்லா போட்டுத்தான் கெளம்பினேன், ஒரு லைட்டும் எரியலண்ணா. கையில குழந்தை வேற."

ராங் நம்பர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எந்த வண்டிங்க?" என்று வந்தது.

சொன்னார். சீட்டைத் திறக்கச் சொன்னேன். "உள்ள இடதுபக்கம் கறுப்பா ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க. கீழ விழுந்திருக்கா?"

"ஆமாண்ணா."

"பத்து வரைக்கும் எண்ணிட்டு மேல தள்ளுங்க. அப்புறம் சாவியப் போடுங்க."

குழந்தையின் அழுகைக்கு நடுவே அவர் சத்தமாக எண்ணுவது கேட்டது. எட்டு, ஒம்பது, பத்து. அப்புறம், "வந்துருச்சுண்ணா! வந்துருச்சு!"

"அடிக்கடி விழுந்தா வயர்ல எங்கேயோ பிரச்சினை இருக்கு. ஒரு தடவை திறந்து பாத்துடறது நல்லது."

"நாளைக்கே கொண்டாறேண்ணா. கடை முடிச்சூர்ல எங்க இருக்கு? எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"

ராம்ப்பு இந்நேரம் காய்ந்திருக்கும். வண்டியை இறங்காமல் ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம்.

"இன்னும் திறக்கலைங்க," என்றேன்.